இரண்டு லிட்டர் பாகும் நான்கு கிலோ திப்பியும்

கேள்வி: டாக்டர் ஐயா, ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். மூன்று ஜெர்சி கலப்பின மாடுகளும் ஒரு கிடாரியும் உள்ளன. இரண்டு மாடுகள் கறவையில் இருக்கின்றன. ஒன்று எட்டு மாதச் சினை. ஓமலூரில் இருக்கும் என் அண்ணன் 50 லிட்டர் கேனில் வெல்லப்பாகு கொண்டுவந்து கொடுத்து, காலையில் ஒரு லிட்டர், மாலையில் ஒரு லிட்டர் வைத்தால் பால் கூடும், தீவனச் செலவும் பாதியாகும் என்றார். 9 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு மட்டும் கழுநீரில் கரைத்து வைத்தேன். கலப்புத் தீவனத்தை 4 கிலோவிலிருந்து 2 கிலோவாகக் குறைத்தேன். வைக்கோலும், வேளைக்கு 2 கிலோ காய்ந்த மரவள்ளித் திப்பியை ஊறவைத்தும் வழக்கம்போலக் கொடுத்தேன். முதல் மூன்று நாள் அரை லிட்டர் பால் கூடியது. ஐந்தாம் நாளிலிருந்து சாணம் இளகி, புளித்த வாடை வருகிறது. தண்ணீர் நிறையக் குடிக்கிறது, மூத்திரமும் நிறையப் போகிறது. இன்றோடு பத்து நாள் ஆகிறது. சொசைட்டியில் கொழுப்பு 4.3-லிருந்து 3.4-க்கு இறங்கிவிட்டது, பாலும் 8 லிட்டருக்கு வந்துவிட்டது. பாகு மாட்டுக்கு நல்லதா, கெட்டதா? சினை மாட்டுக்கு வைத்தால் சூடாகிக் கரு கலைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? யூரியாவையும் பாகையும் கரைத்து வைக்கோலில் தெளிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது, அதைச் செய்யலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி அவர்களுக்கு, வணக்கம். காரணங்களை விளக்குவதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாட்டுக்குப் பாகையும் திப்பியையும் ஐந்து நாட்களுக்கு முழுமையாக நிறுத்திவிடுங்கள். நல்ல வைக்கோலையும் கிடைக்கும் புல்லையும் அது வேண்டிய மட்டும் தின்னட்டும். கலப்புத் தீவனத்தை ஒரே நாளில் நான்கு கிலோவுக்கு ஏற்றாமல், நாளுக்கு அரைக் கிலோ வீதம் கூட்டிக்கொண்டு வாருங்கள். தீவனத்தோடு வேளைக்கு 50 கிராம் சமையல் சோடாவைக் கலந்து நான்கைந்து நாள் கொடுக்கலாம். இதற்கிடையில் மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கினாலோ, அசை போடுவதை அடியோடு நிறுத்தினாலோ, படுத்தது எழத் தயங்கினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை என்றே தோன்றுகிறது. பாலும் கொழுப்பும் இறங்கியிருந்தாலும் மாடு இன்னும் எட்டு லிட்டர் கறக்கிறது. அது நல்ல அடையாளம்.

உங்கள் அண்ணன் சொன்னதில் தவறு எங்கே வந்தது என்றால், முதலில் அளவையில் வந்தது. பாகு தண்ணீரைவிடக் கனமானது. நல்ல பாகு ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.4 கிலோ எடை நிற்கும். ஆகவே நாளுக்கு இரண்டு லிட்டர் என்று நீங்கள் ஊற்றியது உண்மையில் 2.8 கிலோ. அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், ஒன்றேகால் கிலோவுக்கும் மேற்பட்ட சர்க்கரை, பழக்கப்படுத்தாமல், முதல் நாளிலிருந்தே, அதுவும் கழுநீரில் கரைத்த நிலையில் ஒரே மூச்சில் அந்த மாட்டின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. உங்கள் மாட்டுக்கு நான் எழுதிக் கொடுக்கக்கூடிய உச்ச அளவு நாளுக்கு அரைக் கிலோ. எடையில் பேச வேண்டியதை லிட்டரில் பேசியதால் வந்த குழப்பம் இது. பாகைப் பற்றி என்னிடம் வரும் புகார்களில் சரிபாதி இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

அடுத்தது திப்பி. சேலம் மாவட்டத்தில் மாடு வளர்ப்பவருக்குத் திப்பியைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சவ்வரிசி ஆலைகள் இருக்கும் வரை நம் தொட்டிகளில் அது இருக்கும். ஆனால் சக்கை என்ற பெயரில் விற்கப்படுவதால் அதை நார்ச்சத்து என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவைக் கழுவி எடுத்த பிறகும் காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்துத்தான் எஞ்சியிருக்கிறது, அதுவும் மாட்டின் வயிற்றில் விரைவாகப் புளிக்கக்கூடிய மாவுச்சத்து. நாளுக்கு நான்கு கிலோ திப்பி என்றால் இரண்டு கிலோவுக்குக் குறையாத மாவு. இதன்மேல் ஒன்றேகால் கிலோ சர்க்கரையையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் மாட்டின் சாணமே சொல்லிவிட்டது.

மாட்டின் பெருவயிறு 80 லிட்டர், 100 லிட்டர் கொள்ளும் ஒரு நொதிக்கலம். தீவனத்தைச் செரிக்க வைப்பது அதில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிரிகள். வைக்கோலை அவை உடைத்து முடிக்க ஒன்றரை நாள், இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். சர்க்கரையையோ ஓரிரு மணி நேரத்தில் அமிலமாக்கிவிடும். அமிலம் மெதுவாக ஊறினால் வயிற்றுச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும்; அசை போடும்போது சுரக்கும் உமிழ்நீரும் அதை முறிக்கும். ஒரே மூச்சில் பெருகினால் வயிற்றின் அமில-கார நிலை (pH) 6-க்குக் கீழே இறங்கி, வைக்கோலைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் முதலில் முடங்கும். வைக்கோல் செரிக்காத மாடு வைக்கோலைக் குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்றால் குறைவாக அசை போடும். அசை குறைந்தால் உமிழ்நீர் குறைந்து அமிலம் மேலும் ஏறும். பாலின் கொழுப்புக்கு அடிப்படையான பொருள் நார்ச்சத்து புளிப்பதிலிருந்துதான் பெருமளவு கிடைக்கிறது என்பதால் சொசைட்டியின் கொழுப்புக் கணக்கு இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக இறங்குகிறது. இதில் பாகை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நார்த்தீவனம் போதுமான அளவு இருந்து, பாகும் சிறிய அளவில் இருந்தால் கொழுப்பு இறங்குவதில்லை; சில மாடுகளில் சற்றே ஏறுவதும் உண்டு.

மூன்றாவது தவறுதான் என் கணக்கில் பெரியது: கலப்புத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தது. நீங்கள் வாங்கும் தீவனத்தில் நூற்றுக்கு 20 பங்கு புரதம் என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும். இரண்டு கிலோவைக் குறைத்தபோது 400 கிராம் புரதம் தொட்டியை விட்டுப் போய்விட்டது. அதற்கு ஈடாக வந்த 2.8 கிலோ பாகில் புரதம் என்று கணக்கு காட்டக்கூடியது நூறு கிராமைச் சற்றே தாண்டும். அதிலும் பெரும்பகுதி உண்மையான புரதமே இல்லை. வைக்கோலில் நூற்றுக்கு நான்கு பங்கு தேறினால் அதிகம், திப்பியில் அதையும்விடக் குறைவு. ஆக வைக்கோல், திப்பி, பாகு என்று புரதத்தில் மூன்று ஏழைகளை ஒரே தொட்டியில் சேர்த்துவிட்டு, கொஞ்சம் வசதியாக இருந்த ஒருவரையும் பாதியாக வெளியே அனுப்பிவிட்டோம். சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் புரதமோ தழைச்சத்தோ இல்லாமல் வயிற்று நுண்ணுயிரிகளால் பெருக முடியாது. அவை பெருகாவிட்டால் அந்தச் சர்க்கரை பாலாக மாறாமல் அமிலமாக நின்றுவிடும். முதல் மூன்று நாள் கூடிய அரை லிட்டர், திடீரென்று கிடைத்த எரிசக்தியால் வந்தது. பிறகு குறைந்த ஒன்றரை லிட்டரில் இந்தப் புரதக் குறைக்கும் பங்கு உண்டு.

தண்ணீரும் மூத்திரமும் கூடியதற்குக் காரணம் பாகில் உள்ள சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம். நூறு கிலோ பாகில் ஏறக்குறைய நான்கு கிலோ பொட்டாசியம் இருக்கும்; உங்கள் மாட்டுக்கு நாளுக்கு நூறு கிராமுக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கிறது. அதை வெளியேற்றச் சிறுநீரகம் தண்ணீரைச் செலவழிக்கிறது. பாகை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் இது தானாகச் சரியாகும்.

பல ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து விடியற்காலையில், ஆத்தூருக்கு அருகே ஒரு சிற்றூரில் நான் பார்த்த மாடு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முந்தைய நாள் மாலை அதற்கு ஒரு வாளி பாகுத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். இரவில் கயிறு அவிழ்ந்து, பாறைக்களத்தில் காயப்போட்டிருந்த திப்பிக் குவியலில் வாய் வைத்துவிட்டது. நான் போனபோது தலையை விலாப் பக்கம் திருப்பிப் படுத்துக் கிடந்தது. கண்கள் குழிவிழுந்திருந்தன, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. இடப்பக்கப் பசிக்குழியில் முட்டியால் அழுத்தினால் பாதி நிரம்பிய தண்ணீர்க் குடத்தை ஆட்டியதுபோலச் சளப்பென்று ஒலி கேட்டது. குழாய் விட்டு வயிற்று நீரை எடுத்தோம்; சாம்பல் நிறக் கஞ்சியில் திப்பி மிதந்தது, மூக்கில் ஏறும் புளிப்பு வாடை. சோதனைத் தாள் 5-க்குக் கீழே காட்டியது. வயிற்றைக் கழுவி, சோடா கரைசலும் நரம்பு வழித் திரவமும் பி1 ஊசியும் போட்டு, மறுநாள் நல்ல மாடு ஒன்றின் வயிற்று நீரை எடுத்து இதற்குப் புகட்டி ஒருவாறு எழுப்பிவிட்டோம். ஆனால் இரண்டு மாதம் கழித்து நான்கு குளம்புகளிலும் வளையம் விழுந்து, நடக்க மறுத்து, பால் வற்றி, அடிமாட்டு விலைக்குப் போயிற்று. உங்கள் மாட்டுக்கு வந்திருப்பது இதே நோயின் மிக இளைய தம்பி. அதனால்தான் முதல் பத்தியிலேயே நிறுத்தச் சொன்னேன்.

அப்படியானால் பாகு கெட்டதா என்று கேட்டால், இல்லை. மாடு முகம் திருப்பும் உலர்தீவனத்தைத் தின்ன வைப்பதற்கும், தூளாகப் பறக்கும் தவிட்டையும் தாது உப்பையும் ஒட்டவைத்துத் தொட்டியின் அடியில் தங்காமல் செய்வதற்கும், புரதம் ஓரளவு இருக்கும் தீவனத்தோடு சேர்ந்து நுண்ணுயிரிகளுக்கு உடனடி எரிசக்தி கொடுப்பதற்கும் அதைப் போல மலிவாகக் கைக்கு எட்டும் பொருள் குறைவு. கலப்புத் தீவனம் தயாரிப்பவர்களே அதைச் சேர்க்கிறார்கள். குச்சித் தீவனத்தின் பழுப்பு நிறத்திலும் இனிப்பு வாடையிலும் பாகுக்குப் பங்கு இருக்கும். மாசியிலிருந்து சித்திரை வரை சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து ஓரப் புல் காய்ந்து, கீழேயிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவரும் வைக்கோலை நம்பியிருக்கும் மாதங்களில் அதற்கு உங்கள் கொட்டகையில் உண்மையான வேலை உண்டு.

அந்த வேலையை இப்படிச் செய்யுங்கள். மாட்டின் சாணம் இறுகி, அசை போடுவது சீரான பிறகு, நாளுக்கு 100 கிராம் பாகில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 400 கிராம் வரை கொண்டுபோங்கள். நாள் கணக்கை இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும். அடர்தீவனத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்பது பொதுவாகக் கைக்கொள்ளும் வரம்பு. நான்கு கிலோ அடர்தீவனம் தின்னும் மாட்டுக்கு 400 கிராம் அதனால்தான். ஒரு பங்கு பாகுக்கு மூன்று பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துக் கரைத்து, நறுக்கிய வைக்கோலின்மேல் தெளித்துப் புரட்டி வையுங்கள். கழுநீரில் கரைத்து வைக்கும் பழக்கத்தைப் பாகைப் பொறுத்தமட்டில் விட்டுவிட வேண்டும். தெளித்த வைக்கோலை மாடு மெல்லும், மெல்லும்போது உமிழ்நீர் சுரக்கும். கரைத்த தண்ணீரை அது ஒரே இழுப்பில் குடித்துவிடும். கரைத்ததை அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள், ஒரே நாளில் புளித்துவிடும். மார்கழி, தை மாதங்களின் குளிரில் கேனில் உள்ள பாகு இறுகிக் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும்போது சிலர் கேனை அடுப்பின்மேல் வைக்கிறார்கள். பாகு அடிப்பிடித்துக் கருகிவிடும். எடுத்த பாகில் சுடுதண்ணீரை ஊற்றிக் கலக்குவதே போதும்.

திப்பியை முற்றிலும் விட வேண்டும் என்று சொல்லவில்லை. பாகு வைக்கும் காலத்தில் நாளுக்கு ஒரு கிலோவோடு நிறுத்துங்கள். கலப்புத் தீவனம் நான்கு கிலோ, அதோடு கடலைப் பிண்ணாக்கு அரைக் கிலோ, தாது உப்புக் கலவை 50 கிராம், சாதாரண உப்பு 30 கிராம் என்று இருந்தால் 9 லிட்டர் மாட்டுக்குப் போதும். பிண்ணாக்கு விலை கட்டுப்படியாகாத மாதத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: காப்பிக்கு நிழலாக நிற்கும் கல்யாண முருங்கையின் தழை. கவாத்து செய்யும்போது கீழே விழும் தழையை நாளுக்கு ஐந்தாறு கிலோ போட்டால் தொட்டியில் புரதம் சேர்ந்துவிடும். சூபாபுல் (சவுண்டல்) மரத்தின் தழையைக் கேட்டு என்னிடம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கண்முன்னே நிற்பதை விட்டுவிட்டு ஏன் தேடுகிறார்கள் என்று புரிவதில்லை. தாது உப்பை மறக்கக்கூடாததற்குக் காரணம், பாகில் சுண்ணாம்புச் சத்து ஓரளவு உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு; வைக்கோலிலும் அதே குறைதான்.

மாடு சரியாகிவிட்டதா என்பதைக் கண்டுகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். தீவனம் தின்று இரண்டு மணி நேரம் கழித்து அது படுத்திருக்கும்போது பக்கத்தில் நின்று, ஒரு கவளத்தை மேலே கொண்டுவந்து விழுங்கும் வரை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணுங்கள். ஐம்பது, அறுபது முறை மென்றால் வயிறு நலமாக இருக்கிறது. நாற்பதுக்குள் விழுங்கினால் நார் போதவில்லை, பாகைத் தொடாதீர்கள்.

இப்போது அந்தக் கேனுக்கு வருகிறேன். வெல்லப்பாகு என்று நம் பக்கத்தில் இரண்டு மூன்று பொருள்களைச் சொல்கிறோம். சர்க்கரை ஆலையில் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கருநிறப் பாகு, மொலாசஸ், ஒன்று. ஓமலூர், காமலாபுரம் பக்கத்து வெல்ல ஆலைகளில் கொப்பரையில் சாறு கொதிக்கும்போது வழித்தெடுக்கும் அழுக்கு இன்னொன்று. விலை போகாத வெல்லத்தைக் கரைத்தது மூன்றாவது. நான் மேலே சொன்ன எடையும் அளவும் முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். கொப்பரை அழுக்கில் தண்ணீர் அதிகம், ஒரே நாளில் புளிக்கும். சாற்றைத் தெளிய வைக்கப் போட்ட சுண்ணாம்பும், நிறத்துக்காகச் சிலர் போடும் ஹைட்ரோஸ் போன்ற இரசாயனமும் அதில் தங்கியிருக்கலாம். அதைக் கறவை மாட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. உங்கள் கேனில் இருப்பது எது என்று அறிய, ஒரு லிட்டர் பாட்டிலை முதலில் வெறுமையாக எடைபோட்டு, பிறகு பாகை நிரப்பி எடைபோடுங்கள். 1.35 கிலோவுக்கு மேல் நின்றால் ஆலைப் பாகு, 1.2 கிலோ அளவில் நின்றால் தண்ணீர் கலந்தது அல்லது வேறு பொருள். நாக்கு நுனியில் வைத்தால் ஆலைப் பாகில் இனிப்போடு கசப்பும் உப்பும் தட்டும். மேலே நுரை கட்டி, மூடியைத் திறந்ததும் கள் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஆலை மொலாசஸ் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். காரணம் உங்களுக்கே தெரியும். யாரோ தெரிந்தவர் லாரியிலிருந்து பிடித்துக் கொடுத்த பாகைக் கேன் கேனாக மலைக்கு ஏற்றினால் சோதனைச் சாவடியில் மாட்டைக் காட்டி விளக்கம் சொல்ல முடியாது. சேலத்துப் பெயரைத் தாங்கிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது நாமக்கல் மாவட்டத்து மோகனூரில். நேரே அங்கே போய் ஒரு கேன் வாங்கி வந்துவிடலாம் என்று யாராவது சொன்னாலும் அனுமதி பற்றிய விவரத்தைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ரசீதோடு தீவனமாக விற்பவரிடம் வாங்குவதே நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பனியும் சாரலும் மாறி மாறி அடிக்கும் உங்கள் ஊரில் வைக்கோல் போரின் ஓரங்கள் பூசணம் பிடிக்காமல் தப்புவது அரிது. மாடு அதைத் தின்னாமல் ஒதுக்கும். ஒதுக்கினால் பாகு தெளித்து வைத்தால் தின்றுவிடும் என்று ஒரு யோசனை மலையில் நெடுங்காலமாக உலவுகிறது. தின்னும் என்பது உண்மைதான். மாடு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் ஒரே காவல் அதன் மூக்கு. அந்தக் காவலுக்கு இனிப்பைக் கொடுத்து ஏமாற்றுகிறோம். பூசணம் பிடித்த தீவனம் ஈரலைக் கெடுக்கும், சினை மாட்டில் கருச்சிதைவையும் உண்டாக்கக்கூடும். பாகு வைத்த சினை மாடு கன்று வீசியது என்று உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் யாராவது கண்ணால் பார்த்துச் சொல்லியிருந்தால், பாகுக்கு அடியில் இருந்த வைக்கோல் எப்படி இருந்தது என்று நான் முதலில் கேட்பேன். பாகு சூடு, அதனால் கரு கலையும் என்பதற்கு அடிப்படை இல்லை.

ஆயினும் உங்கள் எட்டு மாதச் சினை மாட்டுக்கு இப்போது பாகு வேண்டாம் என்றே சொல்கிறேன், காரணம் வேறு. கன்று ஈனுவதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் பொட்டாசியம் மிகுந்த தீவனம் கொடுத்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை இரத்தத்துக்கு எடுத்துவரும் உடலின் ஏற்பாடு மந்தமாகிவிடும். ஈன்ற அன்று மடியில் சீம்பால் இறங்கும்போது இரத்தத்தில் சுண்ணாம்பு திடீரெனக் குறைந்து மாடு படுத்துவிடும். இதுவே பால் காய்ச்சல், ஜெர்சி இரத்தம் உள்ள மாடுகளுக்கு இது மற்ற இனங்களைவிட அதிகமாக வரும். மடி வீக்கமும் கூடலாம். ஈன்ற பிறகு நம் வீடுகளில் மாட்டுக்கு ஓர் உருண்டை வெல்லம் கொடுப்பது வழக்கம்; அந்த அளவில் தீங்கில்லை. ஆனால் ஈன்ற சில வாரங்களில் மாடு மெலிந்து, தீவனத்தை வெறுத்து, மூச்சில் ஒரு பழ வாடை வந்தால், சர்க்கரை குறைந்துவிட்டது என்று எண்ணிப் பாகை ஊற்றாதீர்கள். வாய் வழியே போகும் சர்க்கரை பெருவயிற்றிலேயே புளித்துவிடும். அதிலிருந்து உண்டாகும் பொருள்களில் ஒரு பகுதி, கீட்டோசிஸ் எனப்படும் அந்த நோயைக் கூட்டக்கூடியது. அதற்கு மருத்துவரின் ஊசியும் தனி மருந்தும் தேவை.

கிடாரிக்கு நாளுக்கு 150 கிராம் வரை, வைக்கோலோடு. அசை போடத் தொடங்காத கன்றுக்கு எதுவும் வேண்டாம்.

யூரியா கேள்விக்கு என் பதில் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் இருக்கும்: அந்தக் காணொளியைப் பார்த்து வீட்டில் கரைக்காதீர்கள். யூரியாவும் பாகும் சேர்ந்து நல்ல பலன் கொடுப்பவை என்பதில் ஐயமில்லை. யூரியா தழைச்சத்தையும் பாகு எரிசக்தியையும் கொடுக்க, வெறும் வைக்கோலில் நிற்கும் மாட்டின் நுண்ணுயிரிகள் பெருகும். 1980-களிலேயே தேசியப் பால்வள வாரியம் யூரியா, பாகு, தாது உப்புக் கட்டியை நம் நாட்டில் பரப்பியது. அதில் பாகு நூற்றுக்கு 45 பங்கு, யூரியா 15 பங்கு அளவில் இருந்தும் மாடு சாகாததற்குக் காரணம், கட்டி கல்லைப்போல் இறுகியிருப்பதால் நாள் முழுக்க நக்கினாலும் 400, 500 கிராமுக்கு மேல் உள்ளே போகாது. அதையே திரவமாக்கி, இனிப்பும் சேர்த்துத் தொட்டியில் வைத்தால் மாடு நக்காது, குடிக்கும். யூரியா வயிற்றில் அமோனியாவாக மாறும் வேகம் ஈரல் அதை முறிக்கும் வேகத்தை மீறினால், அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் நுரை தள்ளி, நடுங்கி, வயிறு உப்பி விழுந்துவிடும். அப்படி நேர்ந்தால் மருத்துவர் வரும்வரை ஏராளமான குளிர்ந்த தண்ணீரில் சமையல் வினிகர் சில லிட்டர் கலந்து புகட்டலாம். ஆனால் விழுங்க முடியாத நிலையில் இருக்கும் மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். வேண்டுமானால் நம்பகமான இடத்தில் தயாரித்த கட்டியை வாங்கி, வயிறு நிறைய வைக்கோல் தின்ற மாட்டுக்கு, சாரல் படாத இடத்தில் வையுங்கள். மழைநீர் தேங்கி யூரியா கரைந்த கட்டி, கரைசலுக்குச் சமம். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு எட்டாத உயரமும் முக்கியம். செய்முறையைக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ நேரில் கேளுங்கள்.

செலவைப் பற்றி அண்ணனிடம் சொல்ல ஒரு கணக்கு தருகிறேன். பாகில் கால் பங்கு தண்ணீர். எரிசக்தியைப் பொறுத்தவரை ஒரு கிலோ பாகு, ஒரு கிலோ மக்காச்சோளத்தின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் ஈடாகும். புரதத்தில் சோளத்துக்கு அருகில்கூட வராது. எனவே மலைக்கு வந்து சேரும் விலையில், வண்டிக் கூலியையும் சேர்த்து, ஒரு கிலோ பாகு மக்காச்சோள விலையின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் சோளமே இலாபம். லிட்டர் விலையைக் கிலோ விலையாக நினைத்துவிடாமல் 1.4-ஆல் வகுத்துப் பாருங்கள்.

பத்து நாளில் இருபது லிட்டர் போயிருக்கும். மீதி முப்பது லிட்டர், ஏறக்குறைய 42 கிலோ. எடைச் சோதனையில் அது தேறினால் கொட்ட வேண்டாம். தண்ணீர் படாமல், மூடியைச் சற்றே தளர்த்தி, கழுத்து வரை நிரப்பாமல் நிழலில் வைத்தால் பல மாதம் கெடாது. நிரம்பிய கேனை இறுக மூடினால் உள்ளே காற்று கட்டி ஒருநாள் மூடியைத் தள்ளிவிடும். ஆவணி, புரட்டாசியில் உங்கள் கம்பு நேப்பியர் புல் தேவைக்கு மேல் வளர்ந்து நிற்கும்போது, அதை அறுத்து அரை நாள் வாடவிட்டு, விரல் கணு நீளத்துக்கு நறுக்கி, டன்னுக்கு 20 கிலோ பாகு வீதம் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்று துளியும் இல்லாமல் மிதித்து மூடினால் ஊறுகாய்ப் புல் ஆகிவிடும். புல்லில் இயல்பாகக் குறைவாக உள்ள சர்க்கரையைப் பாகு ஈடுசெய்து புளிப்பை விரைவாக்கும். அந்தச் சர்க்கரையை மாட்டின் வயிறு புளிக்க வைப்பதற்குப் பதிலாகக் குழியே புளிக்க வைத்துவிடும். இரண்டு டன் புல்லுக்கு உங்கள் கேன் போதும். மாசி பிறந்ததும் குழியைத் திறங்கள்.